உரையும் காட்சியும்

பாளையங்கோட்டையில் எங்கள் தாத்தா ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சித்தாந்த வகுப்பு எடுப்பார். வீட்டுத் திண்ணைதான் வகுப்பறை. தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஜவுளிக்கடைக் கணக்கர், இரண்டு ஆசிரியைகள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். சுக்குக் காபி கொண்டுவந்து வைக்கிற பேத்தி நான். யாராவது ஒரு கருத்தை அடித்துச் சொன்னால் தாத்தா உடனே மறுக்க மாட்டார். “சரி, அது உமக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்பார். பார்த்துத் தெரிந்ததா, யோசித்துத் தெரிந்ததா, ஒருவர் சொல்லித் தெரிந்ததா? அதற்குப் பதில் வந்த பிறகுதான் மேலே பேச்சு நகரும்.

அந்த மூன்றுக்கும் சைவ சித்தாந்தத்தில் பெயர் உண்டு: காட்சி, கருதல், உரை. மொத்தத்துக்கு அளவை என்று பெயர். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியாரில் இது விரிவாக வருகிறது. அளவைகளைப் பத்து வரை எண்ணுவோர் உண்டு. எல்லாவற்றையும் இந்த மூன்றுக்குள் அடக்கிவிடுகிறார் அவர். நெருப்பைக் கண்ணால் பார்ப்பது காட்சி. புகையைப் பார்த்து நெருப்பு உண்டென்று கொள்வது கருதல். நம்பத்தக்கவர் ‘அங்கே நெருப்பு இருக்கிறது’ என்று சொல்ல, அதை ஏற்பது உரை. சித்தாந்திக்கு உரையில் முதன்மையானது ஆகமம்; உலக வாழ்க்கையில் நாம் தினமும் நம்பி நடக்கிற பெரியவர்களின் சொல்லும் அந்த வரிசையில்தான் நிற்கிறது.

இன்று நான் பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். மனிதப் பேச்சைப் புரிந்துகொள்ளும் மெஷின் லேர்னிங் மாடல்களில் ஆராய்ச்சி. படித்தது பி.எஸ்சி. கணிதம், பிறகு எம்.சி.ஏ. முனைவர் பட்டம் இல்லை. சில மாதங்களுக்கு முன் ஊர்ப்பக்கக் கல்லூரி ஒன்றில் பேசப் போயிருந்தேன். கூட்டம் கலைந்த பிறகு இறுதியாண்டு மாணவி ஒருத்தி பையைத் தோளில் மாட்டியபடி வந்து நின்றாள். “அக்கா, பி.எச்டி. இல்லாம ரிசர்ச் வேலைக்குப் போறது சரியாக்கா?”

‘முடியுமா’ என்று கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் பதில் சொல்லியிருப்பேன். அவள் ‘சரியா’ என்று கேட்டாள். வருஷக்கணக்காக ஒரு துறையில் மூழ்கி, வழிகாட்டியிடம் திட்டு வாங்கி, ஆய்வேட்டை முடித்தவர்கள் உட்காரும் இடத்தில், அதைச் செய்யாத ஒருத்தி உட்காரலாமா? அவள் மனசாட்சியோடு கேட்டாள். தாத்தா சொல்லித் தந்த வழியில்தான் அதற்கு என்னால் பதில் தேட முடிகிறது.

முனைவர் பட்டம் என்பது ஓர் உரை. ஒரு பல்கலைக்கழகம், ஒரு வழிகாட்டி, வெளியிலிருந்து வந்த தேர்வாளர்கள் சேர்ந்து உலகத்துக்குச் சொல்லும் வாக்கு: ‘இவரால் புதிதாக ஒன்றைக் கண்டறிய முடியும், நாங்கள் பார்த்தோம்.’ அந்த வாக்கை நம்பி வேலை தருகிறார்கள். இதில் எந்தத் தவறும் இல்லை. கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான். நெருப்பை நேரிலேயே பார்க்க முடிகிற இடத்தில், பார்த்தவரின் வாக்கு கட்டாயம் வேண்டுமா?

சில துறைகளில் வேண்டும். உயிரியல் ஆய்வில் ஒருவரின் கைத்திறனை அறிய அவர் கூடவே ஆய்வகத்தில் மாதக்கணக்கில் நிற்க வேண்டும். மெஷின் லேர்னிங் அப்படி இல்லை. ஆய்வுக்கட்டுரைகள் ஆர்க்கைவ் தளத்தில் யாரும் இலவசமாகப் படிக்கக் கிடக்கின்றன. அது 1991 முதல் இருக்கிறது. நிரலும் டேட்டாவும் பெரும்பாலும் கூடவே வெளியாகின்றன. ஒருத்தி சொன்ன முடிவு வருகிறதா என்று இன்னொருத்தி தன் அறையிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். பெரிய மாநாடுகளில் கட்டுரையை மதிப்பிடுகிறவருக்கு எழுதியவர் பெயர் காட்டப்படுவதில்லை. பெயரே தெரியாதபோது பெயருக்குப் பின்னால் உள்ள பட்டம் எப்படித் தெரியும்? காட்சி அளவைக்கு இவ்வளவு இடம் கொடுத்த துறைகள் குறைவு.

அதனால்தான் இங்கே சிலர் அந்த வாக்கு இல்லாமலே உள்ளே வந்திருக்கிறார்கள். 2018இல் ஜிபிடி என்ற பெயருக்கு வித்திட்ட கட்டுரையின் முதல் ஆசிரியர் அலெக் ராட்ஃபோர்ட். அமெரிக்காவின் ஓலின் என்ற சிறிய பொறியியல் கல்லூரியில் படித்தவர். முனைவர் பட்டம் இல்லை. கிறிஸ் ஓலாவிடம் இளங்கலைப் பட்டமே இல்லை. எல்எஸ்டிஎம் என்ற வலைப்பின்னல் எப்படி நினைவு வைக்கிறது என்று 2015இல் படங்களோடு அவர் எழுதிய விளக்கத்தைப் படித்துத்தான் என்னைப் போன்ற ஆயிரக்கணக்கானோர் அதைப் புரிந்துகொண்டோம். நரம்பு வலைப்பின்னலின் உள்ளே என்ன நடக்கிறது என்று திறந்து பார்க்கும் ஆய்வுத்துறையே அவரைச் சுற்றி வளர்ந்தது. ஜெரமி ஹோவர்ட் மெல்பர்னில் தத்துவம் படித்தவர். அப்போது முனைவர் பட்ட மாணவராக இருந்த செபாஸ்டியன் ரூடரோடு சேர்ந்து 2018இல் அவர் எழுதிய கட்டுரை, பொதுவான எழுத்துகளில் பழகிய மாடலைச் சிறிய வேலைக்குத் திருப்பிக்கொள்ளும் வழியைக் காட்டியது. பட்டம் இல்லாதவரும் பட்டத்தை நோக்கி நடப்பவரும் ஒரே பக்கத்தில் பெயர் போட்டுக்கொண்டார்கள்.

இந்தப் பெயர்களைச் சொல்லி ‘பாருங்கள், பட்டம் வேண்டாம்’ என்று முடித்துவிடலாம். முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கதை எனக்கு உரையாகத்தான் வந்தது. எனக்குக் காட்சியாகக் கிடைத்தது ஒரு ஃபேன்.

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலையில் இருந்தேன். இரவில் இலவச வீடியோப் பாடங்கள், கூகுள் கோலாபில் கிடைக்கும் இலவச ஜிபியு. பயிற்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. அப்போது ஆராய்ச்சி வேலைகளுக்கு விண்ணப்பித்துக்கொண்டும் இருந்தேன். ஓர் இடத்தில் படிவத்தில் ‘முனைவர் பட்டம் பெற்ற ஆண்டு’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. அந்தக் கட்டத்தில் ஏதோ ஓர் எண்ணைப் போட்டு உள்ளே போய்விடலாம் என்று ஒரு கணம் விரல் தயங்கியது. ஜன்னலை மூடிவிட்டேன்.

நான் எடுத்துக்கொண்ட கேள்வி சின்னது. மூன்று நொடிப் பேச்சைக் கேட்டு, பேசுகிறவர் நெல்லையா, மதுரையா, கோவையா, சென்னையா என்று மாடல் சொல்ல வேண்டும். ஊருக்குப் பன்னிரண்டு பேராக 48 பேரின் பேச்சைப் பதிவு செய்தேன். நெல்லைப் பேச்சுக்கு எங்கள் வீட்டுக் கூடத்திலேயே ஆட்களை உட்கார வைத்தேன், தாத்தாவும் ஒருவர். ஒரே ஆளின் குரல் பயிற்சியிலும் தேர்விலும் வந்துவிடக் கூடாது என்று ஆள்வாரியாகப் பிரித்தேன். முடிவு 94 சதவீதம். அன்று இரவு தூக்கம் வரவில்லை. கட்டுரைக்குத் தலைப்புகூட யோசித்துவிட்டேன்.

மறுநாள் ஹெட்ஃபோனை மாட்டி, மாடல் சரியாகச் சொன்ன துண்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்க உட்கார்ந்தேன். சந்தோஷத்துக்காகத்தான் கேட்டேன். தாத்தாவின் குரல் வந்தது. அவர் பேசிப் பேசி நடுவில் நிறுத்துவார். வகுப்பு எடுத்த பழக்கம். அந்த நிறுத்தத்தில் ‘கடக்... கடக்...’ என்று ஓர் ஒலி. எங்கள் கூடத்துச் சீலிங் ஃபேன். சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டுக் காது அதை ஒலியாகவே எடுப்பதில்லை. அடுத்த துண்டு, அத்தையின் குரல். அதிலும் கடக், கடக். அதற்கடுத்ததிலும். பன்னிரண்டு நெல்லைக்காரர்களும் அந்த ஒரே ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து பேசியிருந்தார்கள்.

யாரும் பேசாத இடைவெளிகளை மட்டும் வெட்டி எடுத்தேன். நெல்லைப் பதிவுகளிலிருந்து 100 துண்டுகள். ஒன்றிலும் ஒரு சொல் கிடையாது. மாடலிடம் கொடுத்தேன். 91 துண்டுகளுக்கு ‘நெல்லை’ என்றது. ‘ஏலே’யும் ‘வாங்கல்லா’வும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அது படித்தது ஃபேனை.

தாத்தாவுக்குப் போன் பண்ணினேன். அப்போது அவருக்கு 84 வயது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஏட்டி, இதத்தான் திரிவுக் காட்சிம்பாங்க. கயித்தப் பாம்புன்னு பாக்கியது. பாத்தது கண்ணுதான், ஆனா பாம்பு இல்லையே. இத அப்படியே எழுதி வையி” என்றார்.

எழுதினேன். வெவ்வேறு இடங்களில் மறுபடி பதிவு செய்து, எல்லாப் பதிவுகளிலும் எல்லா அறைகளின் ஒலியையும் கலந்து, மாடலை மீண்டும் பழக்கியபோது 58 சதவீதம் வந்தது. கண்ணை மூடிச் சொன்னாலே 25 வரும் கேள்விக்கு 58. சின்ன எண்தான். ஆனால் அந்த 58 பேச்சைக் கேட்டு வந்தது. முதலில் கிடைத்த 94, சந்தேகம் வந்த விதம், மௌனத் துண்டுச் சோதனை, கடைசி 58 என்று எல்லாவற்றையும் எட்டுப் பக்கத்தில் நிரலோடு வெளியிட்டேன்.

மூன்று மாதம் கழித்து, இப்போது நான் இருக்கும் ஆய்வுக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. நேர்முகத்தில் பட்டத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்வி, இல்லை என்றேன். மீதி ஒன்றரை மணி நேரமும் அந்த ஃபேனைப் பற்றித்தான். அறையின் ஒலியை ஒதுக்க வேறு என்ன செய்திருக்கலாம், வயதும் ஊரும் சேர்ந்தே மாறியிருந்தால் என்ன ஆகும், 58க்குள் இன்னும் எவ்வளவு பொய் இருக்கும்? கடைசியில் நேர்முகம் நடத்திய ஓர் அம்மா கேட்டார்: “94 வந்த பிறகும் ஏன் ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள்?” மழுப்பாமல் சொன்னேன்: சந்தோஷத்துக்காகக் கேட்டேன், சந்தேகம் பிறகுதான் வந்தது. வேலை கிடைத்தது.

இதுவரை என் கட்சியைச் சொன்னேன். சித்தியாரில் இரண்டு பாகம் உண்டு: பரபக்கம், சுபக்கம். மாற்றார் கொள்கையை முதலில் எடுத்து வைத்த பிறகே அருணந்தியார் தம் கொள்கைக்கு வருகிறார். என் கூடப் பணிபுரிகிற முனைவர்களோடு இத்தனை நாள் பழகிய பிறகு, பரபக்கத்தை விட்டுவிட்டு நான் பேசினால் அது நேர்மை ஆகாது.

காட்சிக்கு எட்டாத இடத்தில்தான் உரைக்கு வேலை. ஒரு நல்ல பரிசோதனை, நான் ஒரு தடவை சரியாக யோசித்தேன் என்று காட்டும். மூன்று வருஷம் விடை வராத ஒரு கேள்வியோடு நான் உட்காருவேனா என்று அது காட்டாது. மனிதரின் நாளைய பொறுமையை யாரும் நேரில் பார்க்க முடியாது. முனைவர் பட்டம் அதற்குத்தான் சாட்சி சொல்கிறது: இவர் உட்கார்ந்தார், எழுந்து ஓடவில்லை. அந்தச் சாட்சி இல்லாதவர் அதற்கு ஈடாக வேறொன்றைக் கொடுக்க வேண்டும். என்னிடம் இருந்தது நீளமான கோடு போட்ட நோட்டு. தேதி, என்ன எதிர்பார்த்தேன், என்ன வந்தது, ஏன் என்று நினைக்கிறேன் என ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நான்கு வரி. தோற்ற ஓட்டங்கள்தான் அதில் முக்கால்வாசி. நேர்முகத்தில் அதையும் புரட்டிப் பார்த்தார்கள்.

இன்னொன்று குரு. பட்டத்தின் உயிர் அந்தக் காகிதத்தில் இல்லை. ‘இது தப்பு’ என்று சொல்ல உரிமை உள்ள ஒருவர் பக்கத்திலேயே இருப்பதில் இருக்கிறது. கும்பகோணத்திலும் சென்னையிலும் எஃப்.ஏ. படிப்பில் தோற்று, துறைமுகத்தில் எழுத்தராக இருந்த ராமானுஜன் 1913இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தைப் பட்டத்துக்கு எதிரான சாட்சியாகப் பலரும் காட்டுகிறார்கள். அந்தக் கடிதத்தின் கணக்குகளுக்கு நடுவே இருந்த, பகா எண்களைப் பற்றிய கூற்று பிழையானது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேதைக்கும் அப்படி ஒரு பிழை நேர்ந்தது. அதைப் பிழை என்று சொல்லி நிரூபணம் கேட்க ஒருவர் தேவைப்பட்டார். 1916இல் கேம்பிரிட்ஜ் கொடுத்த ஆராய்ச்சிப் பட்டத்தைவிட, ஹார்டி பக்கத்தில் இருந்த அந்த ஐந்து வருஷம் பெரிய கொடை. பட்டம் இல்லாமல் ஆராய்ச்சிக்கு வரலாம். குரு இல்லாமல் வர முடியாது. எனக்கு அது ஒரு திண்ணையில், கணினியையே தொடாத ஒருவரிடம் கிடைத்தது. எல்லாருக்கும் அப்படிக் கிடைக்காது.

தாத்தா வகுப்பில் வருஷத்துக்கு ஒரு முறையாவது சொல்லும் கதை ஒன்று உண்டு. அருணந்தியாருக்கு அந்தப் பெயர் வருமுன் சகலாகம பண்டிதர் என்று பெயர். ஆகமம் எல்லாம் கரை கண்டவர். திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்டார் என்ற சிறுபிள்ளை பாடம் சொல்கிறது. தம் மாணவர்களே அங்கே போய் உட்காருகிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கோபத்தோடு போகிறார். அவர் அந்தப் பிள்ளையின் குடும்பத்துக்கே குலகுரு. போய், ஆணவத்தின் வடிவம் என்ன என்று கேட்கிறார். பிள்ளை பதில் பேசவில்லை. நின்றுகொண்டிருந்தவரை மேலும் கீழும் பார்த்தது. பண்டிதருக்குப் புரிந்துவிட்டது. காலில் விழுந்தார், சீடரானார், பிறகுதான் சித்தியார் எழுதினார் என்பது மரபு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தக் கதையை எனக்குச் சாதகமாகவே வைத்திருந்தேன். பட்டம் உள்ளவர் பண்டிதர், இல்லாத நான் பிள்ளை. முதல் வருஷ முடிவில் என் குழுவுக்கு ஒருவர் வந்தார். புள்ளியியலில் முனைவர், அதிகம் பேச மாட்டார். நான் என் புதிய முறை பழையதைவிட இரண்டு சதவீதம் மேல் என்று பலகையில் வரைந்து காட்டிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டார்: “எத்தனை சீட்?” மாடல் எந்தத் தொடக்க எண்களிலிருந்து கற்க ஆரம்பிக்கிறது என்பது ஒவ்வொரு ஓட்டத்திலும் குலுக்கல் போல மாறும், அந்தக் குலுக்கலைத் தீர்மானிப்பது சீட். நான் ஒன்றே ஒன்றில் ஓட்டியிருந்தேன். “ஃபேனையே கண்டுபிடித்தவள் நான்” என்று மனசுக்குள் ஓர் எரிச்சல் எழுந்தது. வாயில் வரவில்லை, முகத்தில் வந்திருக்கும். அவர் வேறெதுவும் சொல்லவில்லை. பலகையில் நான் எழுதிய ‘2’ஐயும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்றிரவு ஐந்து சீடில் ஓட்டினேன். இரண்டில் என் முறை மேல், மூன்றில் பழையது மேல். அந்த இரண்டு சதவீதம் இல்லவே இல்லை. பண்டிதர் யார் என்று எனக்கு அன்று தெரிந்தது. பட்டம் இருப்பதால் ஆணவம் வருவது போலவே, பட்டம் இல்லாமல் வந்தேன் என்பதிலும் வரும். கதையில் அந்தப் பார்வை பட்டத்தைப் பார்க்கவில்லை. எதிரே நின்றவரைப் பார்த்தது. மறுநாள் காலை அவர் மேஜைக்குப் போய் ஐந்து எண்களையும் காட்டினேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, எத்தனை ஓட்டத்துக்குப் பிறகு ஒரு வித்தியாசத்தை நம்பலாம் என்று மதியம் வரை சொல்லித் தந்தார். குரு கிடைக்கும் இடமும் நேரமும் நம் கணக்கில் இல்லை.

அந்த மாணவிக்கு அன்று அவசரமாக ஏதோ சொன்னேன். இப்போது இதைச் சொல்கிறேன். சரிதான் தங்கச்சி, வா. ஆனால் பட்டம் உன்னிடம் கேட்டிருக்கக்கூடிய அத்தனையையும் உன்னிடம் நீயே கேட்க வேண்டியிருக்கும். யாரோ எழுதிய கட்டுரை ஒன்றை எடுத்து, அதே முடிவு உனக்கும் வருகிறதா என்று முதல் வரியிலிருந்து ஓட்டிப் பார். உன் வீட்டுக் கூடத்திலேயே பதில் தேட முடிகிற அளவுக்குச் சின்னக் கேள்வி ஒன்றை வைத்துக்கொள். தோற்றதையும் தேதி போட்டு எழுது. பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் போன்ற இடங்களில் இளங்கலை, முதுகலை முடித்தவர்களை ஓரிரு வருஷம் ஆய்வாளர்களோடு வேலை செய்ய வைக்கும் ஃபெலோ வாய்ப்புகள் உண்டு; விண்ணப்பி. அங்கே சம்பளத்தைவிட முக்கியம், ‘இது தப்பு’ என்று உன்னிடம் சொல்ல ஓர் ஆள் கிடைப்பது. பிறகு முனைவர் பட்டம் படிக்கத் தோன்றினால் தயங்காமல் படி. இந்த வழியில் வந்ததால் அந்த வழி அடைபட்டுவிடாது. படிவத்தில் சிவப்பு நட்சத்திரம் வந்தால், அதில் பொய்யை மட்டும் நிரப்பாதே.

தாத்தா போய் இரண்டு வருஷமாகிறது. அவர் பேசிய 40 நிமிஷப் பதிவு என் லேப்டாப்பில் இருக்கிறது, ஃபேன் சத்தத்தோடு. அந்த ஒலியை நீக்க இப்போது எனக்கு நன்றாகவே தெரியும், நீக்கவில்லை. எந்த மாடலிலாவது நல்ல எண் வந்தால், யாரிடமும் சொல்வதற்கு முன், அவர் பேசி நிறுத்திய அந்த இடைவெளிகளைத்தான் முதலில் அதற்குக் கொடுக்கிறேன். சொல்லே இல்லாத இடத்தில் அது என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் என் நோட்டில் அன்றைய தேதியைப் போடுகிறேன்.